லான் மஞ்சளாகிறதா? யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் முப்பத்திரண்டு தனிவீடுகள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு மூன்று சென்ட் புல்தரை. எட்டு வருஷமாகத் தோட்டப் பொறுப்பு என் தலையில். பொங்கல் முடிந்ததும் வாட்ஸப்பில் போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, லான் மஞ்சளாயிடுச்சு, என்ன உரம் போடலாம்?" கேள்வி எல்லா வருஷமும் இதேதான். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கோளாறு உரத்தில் இருக்காது. தண்ணீர், மழுங்கிய பிளேடு, அடியில் புதைந்த சிமெண்ட், இல்லையென்றால் போன வாரம் யாரோ கை நிறைய வீசிய யூரியா.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் லானில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

நான் சொல்வதெல்லாம் நம் சமவெளியில் போடும் வெப்பகாலப் புல்லுக்கு: பெர்முடா (நம் அருகம்புல்லும் அதன் ஒட்டு ரகங்களும்), நர்சரியில் கொரியன், மெக்சிகன் என்று விற்கும் புல், அகல இலை பஃபலோ. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு இந்தக் காலக்கணக்கு ஒத்துவராது.

ஒரே ஒரு அளவு

கீழே "அரை அளவு" என்று எங்கே வந்தாலும், சென்ட்டுக்கு (435 சதுர அடி) இதுதான்: யூரியா என்றால் 200 கிராம், அம்மோனியம் சல்பேட் என்றால் அரை கிலோ, 17:17:17 காம்ப்ளக்ஸ் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாகக் கலந்த உரம்) என்றால் 600 கிராம். மூன்றில் ஏதாவது ஒன்று. மூன்றிலும் கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ ஒன்றேதான். இதன் இரண்டு மடங்கு ஒரு தடவைக்கு உச்சவரம்பு, அதையும் வீட்டு லானுக்கு நான் போடுவதில்லை. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு கை யூரியா எவ்வளவு கனக்கிறது என்று தெரிந்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

அறிகுறி: முழு லானும் வெளிறி மஞ்சள்

நின்றபடி பார்த்தால் எதுவும் தெரியாது. உட்காருங்கள். ஒரு தண்டை அடியோடு கிள்ளி வெள்ளைத் தாளில் வையுங்கள்.

*நுனி மட்டும் வெளுத்து, நார் நாராகக் கிழிந்திருக்கிறதா?*
பிளேடு மழுங்கிவிட்டது. மெஷின் புல்லை வெட்டாமல் பிய்த்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது இந்த வெளுத்த நுனிகள்தான் மஞ்சளாகத் தெரியும். பிளேடைக் கழற்றிச் சாணை பிடித்தால் அடுத்த வெட்டிலேயே நிறம் திரும்பும். போன பிப்ரவரியில் வந்த முதல் ஏழு போட்டோக்களில் நான்கு வீட்டுக்கு ஒரே தோட்டக்காரர், ஒரே மெஷின். உரச்செலவு பூஜ்யம்.

*இலை மடங்கிச் சுருண்டு, சாம்பல் கலந்த நீலப்பச்சையாக இருக்கிறதா? நடந்து போனால் காலடித் தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கிறதா?*
தாகம். வெயில்காலத்தில் வாரத்துக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். சென்ட்டுக்கு 1000 முதல் 1200 லிட்டர் ஆகும். ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் ஐந்தாறு டிபன் டப்பாக்களை லானில் ஆங்காங்கே வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒன்றில் விரல் ஆழம், இன்னொன்றில் அடி நனையும் அளவு என்று இருந்தால் வியாதி பைப்பில்தான். இந்த நிலையில் உரம் போடவே கூடாது. காய்ந்த புல்லுக்கு உரம் உப்பு மாதிரிதான்.

*அடி இலை மஞ்சள், நுனிக் குருத்து பச்சையா?*
இது உண்மையான தழைச்சத்துக் குறை. இருப்பதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கிறது புல். வளர்ச்சியும் மந்தமாக இருக்கும், பத்து நாளாகியும் வெட்ட ஒன்றும் இராது. அப்போதும் மூட்டையைப் பிரிக்காதீர்கள், முதலில் சோதனைக் கட்டம்.

மூன்றடிக்கு மூன்றடி ஒரு சதுரத்தை நான்கு குச்சியால் குறியுங்கள். ஒரு தட்டை டீஸ்பூன் யூரியாவை (சுமார் 4 கிராம்) இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் அந்தச் சதுரத்தில் ஊற்றுங்கள். உடனே ஐந்து லிட்டர் வெறும் தண்ணீர். ஒரு வாரத்தில் அந்தச் சதுரம் மட்டும் கரும்பச்சையாகத் தனித்துத் தெரிந்தால் உங்கள் லான் பசியில் இருக்கிறது, அரை அளவு போடலாம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் மூட்டை வாங்கும் காசு மிச்சம், கீழே போங்கள்.

*குருத்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, அடி இலை நன்றாக இருக்கிறதா?*
இரும்புச்சத்து. எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், வீடு கட்டிய சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணில் வேறு. மண்ணில் இரும்பு இருக்கும், புல்லால் எடுக்க முடியாது. இதைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டால் புல் இன்னும் வேகமாக வளரும், இன்னும் வெளிறும்.

சோதனையும் மருந்தும் ஒன்றே: உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம், கூடவே அரை எலுமிச்சைச் சாறு. சாயங்காலம் இலை மேல் பனிபோல் தெளியுங்கள், சென்ட்டுக்கு 5 லிட்டர் போதும். மூன்று நாளில் பச்சை கட்டும். மூன்று வாரம்போல நிற்கும், அப்புறம் திரும்பத் தெளிக்க வேண்டும். நம் கார மண்ணில் அன்னபேதியைத் தூளாகத் தூவுவது வீண், மண் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. தெளிக்கும் முன் ஓரத்து டைல்ஸ், கிரானைட் படி எல்லாவற்றையும் நனைத்து வையுங்கள், முடித்ததும் கழுவிவிடுங்கள். என் வீட்டு வாசற்படியில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய துருக்கறை புள்ளிபுள்ளியாக இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்காரி என்னைக் கை காட்டுவாள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை தெளித்தும் பச்சை நிற்கவில்லை என்றால் யூரியாவுக்குப் பதிலாக அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் காரத்தைக் குறைக்கும். ஒரு வருஷம் அப்படியும் முன்னேற்றமில்லை என்றால் மண் பரிசோதனை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: வரிவரியாகப் பச்சையும் மஞ்சளும்

பார்த்ததுமே சொல்லிவிடலாம்: கை வீச்சு. உரம் விழுந்த இடம் பச்சை, விழாத இடம் மஞ்சள். நோயோ பூச்சியோ நேர்க்கோட்டில் நடக்காது.

மஞ்சள் வரிகளில் மட்டும் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கோடு இடம் மாறும், அவ்வளவுதான். மூன்று வாரம் விடுங்கள், தானே மங்கும். அடுத்த தடவை நிறுத்து வைத்த உரத்தை ஐந்து மடங்கு காய்ந்த ஆற்று மணலோடோ எம்-சாண்டோடோ கலந்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும் மறுபங்கைத் தெற்கு வடக்காகவும் வீசுங்கள். யூரியா கட்டி தட்டியிருந்தால் கெட்டுப்போகவில்லை, சத்து அப்படியே இருக்கும். ஆனால் உதிர்த்துச் சலிக்காமல் போட்டால் கட்டி விழுந்த இடம் கருகும்.

அறிகுறி: உரம் போட்ட இரண்டு மூன்று நாளில் கருகல்

*கருகல் எங்கே உரம் கொட்டியதோ, மெஷினோ வாளியோ எங்கே நின்றதோ அங்கே இருக்கிறதா?*
உரக் கருகல். பெரும்பாலும் ஈர இலையில் வீசியிருப்பார்கள், குருணை இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலர் வீசிவிட்டு, "காலையில தண்ணி விட்டுக்கலாம் சார்" என்று போய்விடுவார்கள். விதி எளிது: இலை காய்ந்திருக்கும்போது வீசு, வீசி முடித்ததும் தண்ணீர் விடு. 6 மில்லிமீட்டர், அதாவது சென்ட்டுக்குச் சுமார் 250 லிட்டர். அது குருணையைக் கரைத்து வேர்ப்பக்கம் இறக்கப் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: குருணை கண்ணுக்குத் தெரிந்தால் துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். அப்புறம் அந்த இடத்தில் மட்டும் மூன்று நாள் தாராளமாக நீர் பாய்ச்சி உப்பை அடிக்கு இறக்குங்கள். ஓடுதண்டும் அடித்தண்டும் உயிரோடு இருந்தால் ஒரு மாதத்தில் மூடிவிடும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் உயிர் உண்டு. முழுக்கப் பழுப்பு என்றால் அந்த அளவுக்கு ஒட்டுப்புல் வெட்டிப் பதிக்க வேண்டியதுதான்.

*கைக்குட்டை அளவு வட்டம், நடுவில் கருகல், சுற்றிக் கரும்பச்சை வளையமா?*
நாய். அதன் சிறுநீரிலும் தழைச்சத்துதான். நடுவில் அளவு மீறியது, ஓரத்தில் சரியான அளவு. இதைப் பூஞ்சை என்று நம்பி மூன்று தடவை மருந்தடித்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. நாய் போன உடனே ஒரு வாளி தண்ணீர், வேறு வைத்தியம் இல்லை.

*உரமும் போடவில்லை, நாயும் இல்லை, வெட்டிய மறுநாள் முழுக்கப் பழுப்பா?*
ஒரேயடியாக ஒட்ட வெட்டிவிட்டார்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுக்கக் கூடாது. பெர்முடாவை ஒன்று, ஒன்றரை அங்குலத்தில் வைக்கலாம். பஃபலோவுக்கு இரண்டரை, மூன்று அங்குலம் வேண்டும், அதைக் கார்ப்பெட் மாதிரி வெட்டச் சொல்லிப் பாழாக்குகிறவர்கள் நிறைய.

அறிகுறி: உரம் போட்டும் அசைவே இல்லை

வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது என்ன மாதம்? மார்கழியில் நம் ஊரில் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும், பகலும் குறுகல். வெப்பகாலப் புல் உறங்காது, ஆனால் சோம்பும். அதற்குப் போய் உரத்தைத் திணித்தால் எடுக்காது. தை பாதி வரை பொறுங்கள்.

போட்ட பிறகு என்ன நடந்தது? ஐப்பசியில் போட்டு மறுநாள் மழை கொட்டியதா, யூரியா கரைந்து மழைநீர்க் கால்வாய்க்குப் போயிற்று. சித்திரையில் போட்டுத் தண்ணீர் விடவில்லையா, சூட்டில் அம்மோனியாவாக ஆவியாகிப் போயிற்று. இரண்டிலும் உரம் உங்கள் லானில் இல்லை.

வெயில் எத்தனை மணி நேரம்? பெர்முடாவுக்கு நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். கொரியனும் பஃபலோவும் கொஞ்சம் குறைவாகத் தாங்கும். மாமரம் நன்றாகக் கவிந்துவிட்டதென்றால் கிளை கழிக்கலாம், அல்லது அந்த இடத்தில் புல்லை மறந்துவிட்டு வேறு செடி வைக்கலாம். நிழலை உரத்தால் ஈடுகட்ட முடியாது. இதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் என் பொறுப்பிலேயே கஷ்டமான வேலை.

மண் இறுகிவிட்டதா? நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைத் தண்ணீர் விட்ட மறுநாள் மண்ணில் குத்துங்கள். கைவிசையில் ஆறு அங்குலம் இறங்க வேண்டும். இரண்டு அங்குலத்தில் நின்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. முள் மண்வெட்டியால் அரை அடிக்கு ஒரு குத்தாகக் குத்தி, துளைகளில் மணலும் மண்புழு உரமும் கலந்து கூட்டிவிடுங்கள். ஒரு சென்ட் வேலைக்கு ஒரு ஆள், அரை நாள். பங்குனிக்குள் முடித்தால் நல்லது. லான் பெரிதென்றால் மண் துளைக்கும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாம்.

அறிகுறி: வருஷா வருஷம் அதே இடத்தில் திட்டு

ஸ்க்ரூடிரைவரை அங்கேயும் இறக்குங்கள். டக்கென்று இடித்து நின்றால் தோண்டிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வருஷம் முன்பு, கடைசி வரிசையில் ஒரு அம்மா வீட்டில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம் மட்டும் ஏப்ரல் வந்தாலே காயும். யூரியா, 19:19:19, கடல்பாசி டானிக், எல்லாம் ஊற்றிப் பார்த்தாயிற்று. நான் குத்திய இடத்தில் நான்கு அங்குலத்தில் இரும்புச் சத்தம். புல்லைப் பாய்போல உரித்து மண்ணை விலக்கினால், கட்டும்போது கலவை போட்ட இடம் அப்படியே கிடக்கிறது. ஒரு கட்டில் அகலத்துக்கு சிமெண்ட் பலகை, மேலே நான்கு அங்குலச் செம்மண் போர்வை. கடப்பாரையால் உடைத்து ஒன்பது சட்டி அள்ளினோம். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, "இதுக்கா தம்பி மூணு வருஷமா டானிக் ஊத்தினேன்?" என்றார்.

தனிவீட்டுக் குடியிருப்புகளில் இது சகஜம். எடுத்துவிட்டு ஓரடிக்கு நல்ல மண் நிரப்பி அதே புல்லைத் திரும்பப் பதியுங்கள். வீட்டை ஒட்டிய பகுதியில் ஆழத் தோண்டும் முன் கழிவுநீர்க் குழாயும் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிக்காமல் இறங்கி, ஆனால் மண் எப்போதும் சொதசொதவென்று, கறுத்து, நாற்றமடித்தால் வடிகால் கோளாறு. அதற்கு மட்டம் பார்த்துக் குழாய் பதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், நீங்களே செய்யும் வேலை இல்லை.

அறிகுறி: மழைக்காலத்தில் வட்ட வட்டமாக

இங்கேதான் உரம் நேரடியாகக் குற்றவாளி ஆகிறது, அதுவும் இரண்டு எதிரெதிர் வழிகளில்.

விடியற்காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பனியோடு சிலந்திவலை போல வெள்ளை நூல் புல் மேல் படர்ந்திருந்தால் பூஞ்சை உறுதி. எட்டு மணி வெயிலில் அது மறைந்துவிடும், அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. அப்புறம் வட்டத்தின் அளவைப் பாருங்கள்.

*நாணய அளவில் தொடங்கி, உள்ளங்கைக்கு மிகாமல், வைக்கோல் நிறத்தில் நிறையப் புள்ளிகளா?*
டாலர் ஸ்பாட். பட்டினி கிடக்கும் புல்லைத்தான் இது அதிகம் தாக்கும். மழை இரண்டு மூன்று நாள் ஓய்ந்த இடைவெளியில் அரை அளவில் பாதி (சென்ட்டுக்கு 100 கிராம் யூரியா) கொடுத்தால் பெரும்பாலும் வளர்ந்து தப்பிவிடும்.

*சாப்பாட்டுத் தட்டு அளவில் தொடங்கி முறம், மேசை என்று விரிகிறதா? ஓரத்து இலையை இழுத்தால் அடி அழுகிக் கையோடு வருகிறதா?*
இது வேறு பூஞ்சை, கொழுத்த புல்லில்தான் விருந்து. புரட்டாசிக் கடைசியில் யூரியா போட்ட வீடுகளில் கார்த்திகைக்குள் பார்க்கலாம். தழைச்சத்தை நிறுத்துங்கள், மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள், வெட்டிய புல்லை அள்ளி வெளியேற்றுங்கள். சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) தூளை லிட்டருக்கு 10 கிராம் கலந்து வட்டத்தையும் சுற்றி இரண்டடியையும் நனையுங்கள். பத்து நாளில் வட்டம் நிற்காமல் விரிந்தால் பூஞ்சைக்கொல்லி தேவை. எந்த மருந்து என்று உரக்கடையில் ஊகித்து வாங்காதீர்கள், நோயைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஆக ஒரே மழைக்காலம், ஒன்றுக்கு உரம் மருந்து, இன்னொன்றுக்கு உரம் விஷம். வட்டத்தின் அளவைப் பார்க்காமல் முடிவெடுத்தால் பாதி தடவை தப்பாகும்.

அறிகுறி: பிடித்து இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வருகிறது

வேர்ப்புழு. ஓரடிக்கு ஓரடி, மூன்று அங்குல ஆழம் வெட்டித் திருப்புங்கள். அரைவட்டமாகச் சுருண்ட, பழுப்புத் தலை வெள்ளைப் புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறியுங்கள், மைனாக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஐந்தைத் தாண்டினால் வைத்தியம் வேண்டும்: புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைத் தூள், கூடவே வேப்பம் புண்ணாக்கு. லானில் கால் பாகத்துக்கு மேல் சுருண்டு வந்தால் ஆளைக் கூப்பிடும் நேரம்.

வேர் நன்றாக இருந்து இலை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கடிபட்டிருந்தால் கம்பளிப்பூச்சி வகை. நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். இருந்தால் பத்து நிமிடத்தில் மேலே ஏறி வரும்.

புழு எப்படி வந்தது? பெரும்பாலும் மக்காத சாணி. வண்டியில் வந்து இறங்கும் எருவைக் கையில் எடுத்துப் பிழியுங்கள். மாட்டுவாடை அடித்தால், சூடு இருந்தால் அது எரு ஆகவில்லை, புழுவுக்குக் குடித்தனம்.

அறிகுறி: எரு போட்டபின் கோரையும் களையும்

இதுவும் அதே வண்டிதான். மக்காத சாணியில் களை விதை, மேலே தூவிய செம்மண்ணில் கோரைக்கிழங்கு. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளே நின்று இரண்டாக முளைக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது குத்தூசியால் கிழங்கோடு எடுக்க வேண்டும், ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து இருக்கும்போதே. நூறைத் தாண்டிவிட்டால் புல்லை விட்டுக் கோரையை மட்டும் கொல்லும் களைக்கொல்லி உண்டு, தெரிந்தவர் கையால் அடிக்க வேண்டும். இனிமேல் லானுக்குச் சாணி எரு வேண்டாம், சலித்த மண்புழு உரம் போதும்.

அறிகுறி: மெத்தை மாதிரி அமுங்குகிறது, வாரம் இருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது

அதிக உரம். கத்தியால் ஒரு கேக் துண்டு போல வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் பழுப்பான சக்கை அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரும் உரமும் அதிலேயே நின்றுவிடும். மூன்று மாதம் உரத்தை நிறுத்துங்கள். தை, மாசியில் இரும்பு வாரியால் அழுத்தி வாருங்கள், பார்க்கக் கோரமாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஓர் அங்குலத்துக்கு மேல் சக்கை என்றால் செங்குத்தாகக் கீறும் மெஷின் வைத்திருப்பவர் வேண்டும்.

அறிகுறி: மண் மேல் வெள்ளைப் படிவு, இலை நுனி காய்தல்

போர் தண்ணீர் உப்பு. இருநூறு முந்நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) பாருங்கள். 500 வரை கவலையில்லை. 2000-ஐத் தொட்டால் கொரியனும் பெர்முடாவுமே முகம் சுளிக்கும். இப்படிப்பட்ட லானில் சாதாரண மியூரியேட் பொட்டாஷ் போட்டால் குளோரைடு ஏறும், சல்பேட் பொட்டாஷ் வாங்குங்கள். மாதம் ஒருமுறை மூன்று மடங்கு தண்ணீரை ஒரே மூச்சாக விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள். ஐப்பசி மழை இதைத்தான் இலவசமாகச் செய்து தருகிறது. ஜிப்சம் போடலாமா என்பதை மண் பரிசோதனை பார்த்தபின் முடிவு செய்யுங்கள், எல்லா உப்புக்கும் ஜிப்சம் மருந்தல்ல.

ஒன்றும் கோளாறில்லாத லானுக்கு வருஷக் கணக்கு

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்கு நான் பின்பற்றுவது. பிப்ரவரித் தொடக்கத்தில் புல் துளிர்த்ததும் 17:17:17 அரை அளவு. மார்ச் நடுவில் யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ அரை அளவு. ஏப்ரல் நடுவில் இன்னொன்று, தண்ணீர் உறுதியாக இருந்தால் மட்டும். அக்கினி நட்சத்திரத்தில் தழைச்சத்து வேண்டாம், நிறம் வெளிறினால் அன்னபேதி தெளிப்பு. ஜூன் கடைசியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. செப்டம்பர் நடுவில் சென்ட்டுக்கு 150 கிராம் பொட்டாஷ், கூடவே 17:17:17 அரை அளவு, அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே தழைச்சத்தை முடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தை வரை மூட்டை அலமாரியில்.

இது பெர்முடாவுக்கு. கொரியனும் பஃபலோவும் மெதுவாக வளர்பவை, ஏப்ரல், ஆகஸ்ட் தவணைகளை விட்டுவிடலாம்.

ஆளைக் கூப்பிடும் முன்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஆறு வாரத்தில் மாற்றமில்லை என்றால் முதல் செலவு மண் பரிசோதனையாக இருக்கட்டும். ஐந்தாறு இடத்தில் நான்கு அங்குல ஆழத்துக்கு வெட்டி, வேரும் கல்லும் நீக்கிக் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ எடுங்கள். உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். போர் தண்ணீரையும் ஒரு லிட்டர் பாட்டிலில் கொண்டுபோங்கள். முடிவில் பி.எச். 8.5-க்கு மேல் இருந்தாலோ, மண்ணின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1-ஐத் தாண்டினாலோ தோட்டக்காரரிடம் போகாமல் மண் தெரிந்தவரிடம் போங்கள்.

வருகிறவரிடம் மூன்று விஷயம் தயாராகச் சொல்லுங்கள்: கடைசியாக என்ன உரம், எந்தத் தேதி, எத்தனை கிராம். நான் இதற்காக மீட்டர் பெட்டிக்குள் பழைய காலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன், போடும் நாளன்று கட்டத்திலேயே எழுதிவிடுவது. வந்தவர் உட்கார்ந்து ஒரு புல்லைக்கூடப் பிடுங்கிப் பார்க்காமல், "யூரியா கொஞ்சம் தட்டி விடலாம் சார்" என்று ஆரம்பித்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.